சான்றிதழ்த் தேர்வுக்கு ஒரு பக்கக் குறிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போவது பயன் தருமா?

பெருந்துறைப் பொறியாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறை சிப்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் சாயமேற்றும் ஆலைகளுக்கு இயந்திரங்களை நிறுவிக் கொடுக்கும் வேலையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழ் இருந்தால் அடுத்த நிலைக்குப் போகலாம் என்பதால் விண்ணப்பித்து, 35 மணி நேர வகுப்பையும் முடித்து, இன்னும் ஏழு வாரத்தில் கோவையில் தேர்வு எழுத நாள் குறித்திருக்கிறேன்.

எனக்கு முன்பு தேர்வு எழுதிய மூத்தவர்கள் எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள். சூத்திரங்கள், செயல்முறைகளின் பெயர்கள், அவை வரும் வரிசை ஆகிய எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கி மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். தேர்வறையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தை அவர்கள் கொடுக்கும் தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு அதைப் பார்த்துப் பார்த்து விடையளிக்கலாம் என்கிறார்கள். நானும் அதை நம்பி, திட்ட மேலாண்மையின் அடிப்படை நூலான பி.எம்.பி.ஓ.கே. கையேட்டின் ஆறாம் பதிப்பில் உள்ள 49 செயல்முறைகளையும் 5 தொகுதிகள், 10 அறிவுப் பரப்புகள் கொண்ட கட்டத்தில் மூன்று வாரம் உருப்போட்டேன். காலை நான்கரை மணிக்கு எழுந்து வெறும் தாளை எடுத்தால் இப்போது 11 நிமிடத்தில் முழுக் கட்டத்தையும் பிழையில்லாமல் எழுதிவிடுகிறேன்.

ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வில் 60 கேள்விகளில் 31க்குத்தான் சரியான விடை. பெரும்பாலான கேள்விகள், "இன்ன நிலைமை ஏற்பட்டிருக்கிறது, திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்" என்ற வகையைச் சேர்ந்தவை. என் கட்டத்தில் அவற்றுக்கு விடை இல்லை. மூன்று வார உழைப்பும் வீணா, அல்லது நான் பயன்படுத்தும் முறையில்தான் கோளாறா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பீளமேட்டிலிருந்து ஒருவர் எழுதியது:

பெருந்துறை நண்பருக்கு வணக்கம். நான் 2022இல் கோவையில் இந்தத் தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றேன். உங்கள் மூத்தவர்கள் சொன்னது அவர்கள் எழுதிய தேர்வுக்குப் பொருத்தமான அறிவுரை. 2020 வரை நடந்த தேர்வில் நான்கு மணி நேரத்தில் 200 கேள்விகள். எந்தச் செயல்முறை எந்தத் தொகுதியில் வருகிறது, அதற்குள் போகும் ஆவணம் எது, வெளியே வரும் ஆவணம் எது என்று நேராகவே கேட்பார்கள். அப்போது அந்தக் கட்டம் மதிப்பெண்ணாக மாறியது. 2021 ஜனவரியில் தேர்வு மாறியது. நான் எழுதியபோது 230 நிமிடத்தில் 180 கேள்விகள். அவற்றில் ஏறத்தாழப் பாதி, வேலையைச் சிறு சிறு பகுதிகளாக முடித்துத் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையையும், அதைப் பழைய முறையோடு சேர்க்கும் கலப்பு முறையையும் சார்ந்தவை. மனிதர்களை நடத்துவது பற்றிய பகுதிக்கு மட்டும் 42 விழுக்காடு. கட்டத்தை எழுதி வைத்திருந்தாலும் நான் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். தேர்வின் உள்ளடக்க வரைவை அதை நடத்தும் நிறுவனம் அவ்வப்போது திருத்துகிறது. ஆகவே நீங்கள் எழுதப்போகும் நாளுக்கு எது பொருந்தும் என்பதை அவர்களுடைய தளத்திலேயே படித்துவிடுங்கள். என் சொல்லையும் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நடைமுறைச் செய்தியும் உண்டு. தொடக்கத்தில் கணினித் திரையில் காட்டப்படும் விளக்கப் பகுதியின்போதே குறிப்பை எழுதி முடித்துவிடலாம் என்று பழையவர்கள் சொல்வார்கள். அதற்கு இப்போது அனுமதி இல்லை. கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் எழுதலாம். கட்டத்துக்கு நீங்கள் செலவிடும் 11 நிமிடம் ஏறத்தாழ ஒன்பது கேள்விகளுக்கான நேரம். வீட்டிலிருந்து இணையவழியில் எழுதுவோருக்குத் தாளே கிடையாது. திரையில் உள்ள பலகையில் சுட்டியைப் பிடித்து எழுத வேண்டும். மையத்தில் கொடுப்பது அழித்து எழுதும் பிளாஸ்டிக் பூச்சுத் தாளும் ஒரு மார்க்கர் பேனாவும். எனக்குக் கிடைத்த பேனாவின் முனை தடித்திருந்ததால் நான் பழகிய பொடி எழுத்து அந்தத் தாளில் எடுபடவே இல்லை. இரண்டாம் வரியை எழுதும்போது முதல் வரியின் மேல் கை பட்டுப் பாதி அழிந்துபோனது. அந்த நொடியில் ஏற்பட்ட பதற்றம் அடங்கவே சில நிமிடங்கள் ஆயின.

இருந்தாலும் மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சூத்திரங்களைக் கட்டாயம் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றையும் எப்போது எடுப்பது என்பதோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஒரு கணக்கைச் சொல்கிறேன். 40 லட்ச ரூபாயில் ஐந்து மாதத்தில் ஒரு ஆலைக் கொட்டகை கட்டத் திட்டம். மாதத்துக்கு 8 லட்சம் வீதம் சீரான வேலை. இரண்டு மாத முடிவில் 30 விழுக்காடு வேலைதான் முடிந்திருக்கிறது, செலவோ 15 லட்சம். நடந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு 16 லட்சம், நடந்த வேலையின் மதிப்பு 12 லட்சம். செலவுக் குறியீடான சி.பி.ஐ. 12ஐ 15ஆல் வகுத்தால் 0.8, காலக் குறியீடான எஸ்.பி.ஐ. 12ஐ 16ஆல் வகுத்தால் 0.75. இதுவரை யார் உருப்போட்டாலும் விடை வந்துவிடும்.

அடுத்த கேள்வி, வேலை முடியும்போது மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் என்பது. மனப்பாடம் செய்தவர் கை தானாக 40ஐ 0.8ஆல் வகுத்து 50 லட்சம் என்று எழுதும். கூலி உயர்ந்ததால் செலவு கூடியது, அந்த உயர்வு இனியும் தொடரும் என்று கேள்வியில் இருந்தால் 50 லட்சம் சரியான விடை. அடித்தளம் தோண்டும்போது பாறை தட்டியது, வெடி வைத்து எடுத்தாகிவிட்டது, இனி அந்தச் செலவு வராது என்று இருந்தால், செலவான 15 லட்சத்தோடு மீதி வேலையின் 28 லட்சத்தைக் கூட்டி 43 லட்சம் என்று எழுத வேண்டும். நான்கு விடைகளில் 43, 50 இரண்டும் இருக்கும். இரண்டு சூத்திரமும் உங்கள் தாளில் இருக்கும். எதை எடுப்பது என்பதைக் கேள்வியில் உள்ள ஒரே ஒரு சொற்றொடர்தான் சொல்லும்.

கோபியிலிருந்து ஒருவர் எழுதியது:

இதில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். தானே எழுதிய குறிப்பை மனப்பாடம் செய்வது வேறு, "டம்ப்ஸ்" என்ற பெயரில் விற்கப்படும் கேள்வித்தாளை மனப்பாடம் செய்வது வேறு. நான் ஒரு கணினி வலையமைப்புச் சான்றிதழுக்குப் படித்தபோது, பயிற்சி கொடுத்த இடத்தில் தேர்வில் வந்த கேள்விகள் என்று சொல்லி ஒரு கட்டைக் கையில் கொடுத்து, விடைகளின் எழுத்தை மட்டும் உருப்போடச் சொன்னார்கள். வீட்டில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருந்தேன். அங்கே சொன்னதை அப்படியே செய்தேன். தேர்வறையில் முதல் திரையிலேயே, கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழியை ஏற்கச் சொல்லிக் கேட்டது. அதைப் படித்தபோதுதான் என் கையில் இருந்த கட்டு எப்படி வந்திருக்கும் என்பது உறைத்தது. கேள்விகளும் மாறியிருந்தன; கட்டில் இருந்த விடைகள் பலவும் தவறு என்பது பின்னர் பாடப்புத்தகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. தோற்றுவிட்டேன். இரண்டாம் முறை பழைய ரவுட்டர் இரண்டை வாங்கி வீட்டில் வைத்துப் பழகித்தான் தேர்ச்சி பெற்றேன். இளையவர்கள் யாரும் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு பட்டயக் கணக்காளர் எழுதியது:

எங்கள் சி.ஏ. தேர்வு இதிலிருந்து வேறுபட்டது என்பதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எங்களுக்கு 2024 மே முதல் 30 விழுக்காடு மதிப்பெண் கொள்குறி வினாக்களுக்கு; மீதி 70 விழுக்காட்டுக்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 40, தொகுதியின் மொத்தத்தில் 50 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. ஆகவே தணிக்கைத் தரநிலைகளின் எண்களும் சட்டப் பிரிவுகளும் மனப்பாடமாக இல்லாமல் ஒரு மாணவர் கரையேறுவது மிகவும் கடினம். வெளியாரிடமிருந்து உறுதிக் கடிதம் பெறுவது 505, நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்று பார்ப்பது 570, மாற்றிய கருத்துரை 705 என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை வாரந்தோறும் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்.

ஆனால் மனப்பாடக் குறிப்பு எப்படி ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் எச் என்ற உட்பிரிவைச் சேர்த்து, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை உரிய காலத்தில் தராவிட்டால், அதைத் தரும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று ஆக்கினார்கள். மாணவர்களின் குறிப்பேடுகள் எல்லாவற்றிலும் இது "45 நாள்" என்ற இரண்டே சொல்லில் இருந்தது. 2024 மார்ச் மாதம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பனியன் கம்பெனி முதலாளி வந்தார். நிட்டிங், காஜா பட்டன், பிரிண்டிங் என்று வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கும் எல்லோருக்கும் வாய்ச்சொல்லில்தான் கணக்கு. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. என்னிடம் இருந்த பயிற்சி மாணவி 45 நாளைக் கணக்கிட்டுப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்பதே சட்டம். பட்டியலை முழுவதும் மாற்றிப் போட வேண்டியதாயிற்று. அந்த மாணவி அதற்குப் பிறகு அந்தப் பிரிவை மறந்ததே இல்லை. தேர்விலும் சரியாக எழுதினார்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களில் பெரும்பாலானவை மாறுகின்றன. எண்ணை மட்டும் உருப்போட்டவருக்கு ஐந்தாண்டு உழைப்பு கைவிட்டுப் போகிறது. எண்ணுக்குப் பின்னால் உள்ள காரணத்தைப் படித்தவர் புதிய எண்ணை ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்வார்.

கரூரிலிருந்து ஒருவர் எழுதியது:

மேலே எழுதிய எல்லோரும் ஆங்கிலம் பழகியவர்கள் என்று தோன்றுகிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். பி.எம்.பி. தேர்வு தமிழில் கிடையாது. மனப்பாடம் இல்லாமல் நான் அந்தத் தேர்வறைக்குள் நுழைந்திருக்கவே முடியாது என்பதை எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறேன்.

நான் உருப்போட்டது சூத்திரங்களை விடச் சொற்களைத்தான். "ரிஸ்க்" என்றால் இனிமேல் நடக்கக்கூடியது, "இஷ்யூ" என்றால் ஏற்கெனவே நடந்துவிட்டது. நம் பேச்சில் இரண்டையும் "பிரச்சினை" என்றே சொல்லிவிடுகிறோம். தேர்வில் இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே விடை மாறும். லாரி நாளை வராமல் போகலாம் என்றால் முதலாவது, இன்று காலை வரவில்லை என்றால் இரண்டாவது. இப்படி 60 சொற்களுக்குத் தமிழில் ஒரு வரி விளக்கமும் எங்கள் ஜவுளித் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் எழுதி, நெசவுக்கூடத்துக்குப் போகும் பேருந்தில் தினமும் படித்தேன். கேள்வியைப் படிக்கும் வேகம் அதனால்தான் கூடியது. குறிப்பை மனப்பாடம் செய்வதைக் குறைவாகப் பேசுவோர் எங்களைப் போன்றவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பீளமேட்டிலிருந்து அதே நபர்:

கரூர் நண்பர் சொல்வது முற்றிலும் உண்மை. எனக்கு இது தோன்றாமல் போனதற்கு வருந்துகிறேன். பெருந்துறை நண்பர் அந்த 49 செயல்முறைக் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இத்தகைய சொற்களை வைக்கலாம்.

பெருந்துறைப் பொறியாளர்:

எல்லோருக்கும் நன்றி. கட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதும்போதே மனம் கனக்கிறது, ஆனால் விடுகிறேன். ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. சூத்திரங்களை நான் தினமும் பத்து முறை வாசிக்கிறேன், அன்று மாலை வரை நன்றாக நினைவில் இருக்கின்றன. நான்கு நாள் ஆலைத்தளத்தில் வேலை அதிகமாகி விட்டுவிட்டால் பாதி மறந்துவிடுகிறது. உங்களுக்கு எப்படி நின்றது?

திருப்பூரிலிருந்து அதே பட்டயக் கணக்காளர்:

வாசிப்பதைக் குறைத்து, மூடி வைத்து எழுதுவதைக் கூட்டுங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். மாலை வரை நிற்பது போலத் தோன்றுவது அந்த ஐந்து நிமிடத் தேர்வைப் போன்றது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். இன்று எழுதுங்கள், நாளை மறுநாள் எழுதுங்கள், பிறகு ஒரு வாரம் கழித்து எழுதுங்கள். பிழையான வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அதை மட்டும் மறுநாள் எழுதுங்கள். சரியாக வரும் வரிகளையே தினமும் எழுதிக்கொண்டிருப்பது மனத்துக்கு இதமாக இருக்கும், நேரம்தான் போகும். நான்கு நாள் வேலை வந்தால் வரட்டும். அந்த இடைவெளிக்குப் பிறகு முக்கி முனகி நினைவுபடுத்தி எழுதுவது நன்மையே செய்கிறது.

விஜயமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதியது:

தம்பி, உங்கள் தேர்வைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மகள் இந்த உரையாடலைக் காட்டியதால் எழுதுகிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சீனாபுரத்தோடும் எங்கள் ஊர்ச் சமணக் கோயிலோடும் நன்னூல் செய்த பவணந்தி முனிவரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இந்தப் பகுதியில் உண்டு. அவர் நூல் பயிலும் முறையைச் சொல்லும் இடத்தில் ஏழு செயல்களை அடுக்குகிறார். பாடம் போற்றல், அதாவது மனப்பாடம் செய்து காத்தல், இரண்டாவதாக வருகிறது. அதற்கு முன்னால் வழக்கறிதல் இருக்கிறது. பின்னால் கேட்டவற்றை நினைத்தல், ஆசானிடம் மறுபடியும் கேட்டல், உடன் பயில்வாரோடு பழகுதல், வினாதல், பிறர் வினவியதற்கு விடையளித்தல் என்று ஐந்து இருக்கின்றன. தம்பி இரண்டாவதில் மூன்று வாரம் தங்கிவிட்டீர்கள்.

அவர் இன்னொரு கணக்கும் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் கைக்கு வரும். உடன் படிப்பாரோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வரும். நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்ற எனக்கு இது நூற்றுக்கு நூறு உண்மை என்று தெரியும். வேற்றுமைப் புணர்ச்சியை நான் மாணவனாக இருந்தபோது மனப்பாடமாகச் சொன்னேன். ஆசிரியராகி இரண்டாம் ஆண்டில், ஒரு பையன் கேட்ட கேள்விக்கு விடை தேடியபோதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் சூத்திரத்தை அது தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள்.

பெருந்துறைப் பொறியாளர் (பதினெட்டு நாள் கழித்து):

ஐயா சொன்னதை அன்றைக்கே செய்யத் தொடங்கினேன். எங்கள் தளத்தில் அடித்தள வேலை பார்க்கும் மேஸ்திரி எட்டாம் வகுப்பு வரை படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பூசாத சுவரில் சுண்ணக்கட்டியால் பீளமேட்டு நண்பரின் கொட்டகைக் கணக்கை எழுதிக் காட்டினேன். 12 லட்சம், 15 லட்சம், 0.8 வரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். 40ஐ 0.8ஆல் வகுத்து 50 என்று எழுதியதும் நிறுத்தினார். "பாறை உடைக்கப் போன காசு போனதுதானுங்களே, மிச்ச வேலையில ஏது பாறை? அதுக்கு எதுக்குங்க அதே வீதத்துல போடுறீங்க?" என்று கேட்டார். நான் பாறையைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கூலி உயர்வுக்கான சூத்திரத்தை எழுதியிருந்தேன். அவர் கேட்ட பிறகுதான் 43க்கும் 50க்கும் நடுவில் உள்ள 7 லட்சம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுவரிலேயே அவருக்குப் பிரித்துக் காட்டினேன். எனக்கும் அப்போதுதான் பிரிந்தது.

இப்போது என் தாளில் 14 வரிகள் இருக்கின்றன. ஒன்பது சூத்திரங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை எடுக்கச் சொல்லும் சொற்றொடர். கரூர் நண்பர் சொன்னது போல எனக்குக் குழப்பம் தரும் ஐந்து சொல் இணைகள். தடித்த மார்க்கரால் எழுதிப் பழகுகிறேன், இரண்டரை நிமிடம் ஆகிறது. நேற்று எழுதிய மாதிரித் தேர்வில் 60க்கு 43.

மேஸ்திரிக்குச் சொல்ல முடியாமல் தடுமாறியது டி.சி.பி.ஐ., அதாவது மீதிப் பணத்துக்குள் முடிக்க இனி எட்ட வேண்டிய செலவுக் குறியீடு, மட்டும்தான். இதே கணக்கில் 1.12 வருகிறது. அதை அவருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

பீளமேட்டிலிருந்து அதே நபர்:

மீதி இருக்கும் வேலை 28 லட்சத்துக்கு, கையில் மீதி இருக்கும் பணம் 25 லட்சம். சொன்ன 40 லட்சத்துக்குள் முடிக்க வேண்டுமானால் இனிமேல் செலவாகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் 12 காசு வேலை நடக்க வேண்டும். இதுவரை ரூபாய்க்கு 80 காசு வேலைதான் நடந்திருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை மேஸ்திரியே உங்களுக்குச் சொல்லிவிடுவார்.